கல்லீரல் நோயில் ஏஐ: அப்பாவின் ரிப்போர்ட்டும் உங்கள் புராஜெக்ட்டும்

கேள்வி இதுதான். கேட்பவர் பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவர். அப்பாவுக்கு வயது 52. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் "கிரேடு 2 ஃபேட்டி லிவர்" என்று வந்திருக்கிறது. அந்த ரிப்போர்ட்டை சாட்ஜிபிடியில் போட்டுக் கேட்கலாமா? கல்லீரல் நோயை ஏஐ மூலம் கண்டறிவதையே புராஜெக்ட்டாக எடுக்கலாமா? டாக்டர்கள் நிஜமாகவே இதையெல்லாம் பயன்படுத்துகிறார்களா?

அப்பா விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

"கிரேடு 2" என்றதும் நோய் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று பலரும் பயந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அல்ட்ராசவுண்டில் கல்லீரல் பக்கத்திலுள்ள சிறுநீரகத்தைவிட எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்று ரேடியாலஜிஸ்ட் கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. கொழுப்பு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும், அவ்வளவுதான். கல்லீரலில் தழும்பு, அதாவது ஃபைப்ரோசிஸ், விழுந்திருக்கிறதா என்று சொல்லாது. வருங்காலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பைவிடத் தழும்புதான். தழும்பு ஏறி ஏறிக் கடைசியில் சிரோசிஸ் ஆகும்வரை பெரும்பாலானவர்களுக்கு வலியோ வேறு அறிகுறியோ இருக்காது. ஏஐ ஆட்கள் இந்த உறுப்பைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

தழும்பைப் பற்றி முதல் கட்டமாகத் தெரிந்துகொள்ள ஏஐ எதுவும் வேண்டாம். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு அதற்கு வேண்டும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையாலும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். அப்பாவின் எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 52 × 48 = 2496. கீழே 210 × 8 = 1680. விடை சுமார் 1.49. இது 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலே என்றால் கல்லீரல் நிபுணரிடம் போக வேண்டும். இடைப்பட்டால், நம் உதாரணத்தைப் போல, ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன், எடுத்துப் பார்ப்பது வழக்கம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் லேப்கள் பிளேட்லெட்டை லட்சத்தில் அச்சடிக்கும். கணக்குக்கு வேண்டியது ஆயிரத்தில், அதாவது 210. அப்படியே 2.1 என்று போட்டால் விடை 149 என்று வந்து வயிற்றைக் கலக்கும். 2,10,000 என்று முழுதாகப் போட்டால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிம்மதியாகத் தூங்கவைத்துவிடும். மனிதரானாலும் மென்பொருளானாலும் இங்கே சறுக்கலாம். சாட்பாட்டிடம் கணக்குப் போடச் சொன்னால், எந்த எண்ணை எந்த இடத்தில் வைத்தது என்று வரிவரியாகக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, டெங்குவோ வேறு காய்ச்சலோ வந்த சமயத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். டெங்குவில் பிளேட்லெட் இறங்கும், எஸ்ஜிஓடி ஏறும். கல்லீரல் நன்றாக இருந்தாலும் ஃபிப்-4 எகிறிவிடும்.

இந்தச் சூத்திரம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். 2006-இல் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்து இருந்த நோயாளிகளின் பயாப்சி (ஊசியால் சிறு துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவுகளை வைத்துச் செய்தது இது. ஃபேட்டி லிவருக்காகச் செய்யப்பட்டதே அல்ல. பிறகு ஃபேட்டி லிவர் நோயாளிகளிடம் சோதித்து, எல்லைகளை மாற்றி அமைத்துக்கொண்டார்கள். ஒரு கருவி யாரைப் பார்த்து, எதைச் சரியான விடை என்று வைத்துக்கொண்டு கற்றது? கல்லீரலில் ஏஐ என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, சாட்ஜிபிடிக்கு வருவோம். அமெரிக்காவின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனைக் குழு 2023-இல் சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய் பற்றி 164 கேள்விகளை அதனிடம் கேட்டு, பதில்களைக் கல்லீரல் மருத்துவர்களைக் கொண்டு மதிப்பிட்டது. சிரோசிஸ் கேள்விகளில் 79.1%, புற்றுநோய்க் கேள்விகளில் 74% சரி. ஆனால் சரியாகவும் முழுமையாகவும் இருந்தவை 47.3%, 41.1% மட்டும். எந்த எல்லையைத் தாண்டினால் என்ன செய்வது, சிகிச்சை எத்தனை நாள் என்பதில்தான் தடுமாறியது. நோயாளிக்கு வேண்டியதோ பெரும்பாலும் அந்த எண்கள்தான். இப்போதைய மாதிரிகள் அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் தவறு நுழையும் இடம் பெரிதாக மாறவில்லை: பேச்சு சரளமாக இருக்கும், எண் நழுவும்.

இதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் ஹெபடைடிஸ் சி வழிகாட்டியை சாட்ஜிபிடி வகை மாதிரியான ஜிபிடி-4 டர்போவிடம் கொடுத்து, அதைப் பார்த்து மட்டுமே பதில் சொல் என்று சோதித்த ஆய்வு 2024-இல் வந்தது. வழிகாட்டி இல்லாமல் துல்லியம் 43%, கடைசியில் 99%. 20 கேள்விகள் மட்டும்தான், அதனால் 99 என்ற எண்ணைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். என்னைக் கவர்ந்தது வேறு. வெறும் பிடிஎஃப்பைக் கொடுத்தால் பாதி வழிதான் போக முடிந்தது. படமாக இருந்த அட்டவணைகளை எழுத்தாக மாற்றி, தலைப்புகளை ஒரே மாதிரி ஒழுங்குபடுத்திய பிறகே மீதி ஏறியது. மருத்துவ ஏஐயில் பாதி வேலை இப்படிப்பட்ட குமாஸ்தா வேலைதான். அதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஆகவே ரிப்போர்ட்டைப் போடலாம். பெயர், போன் நம்பர், யூஎச்ஐடி (ஆஸ்பத்திரி தரும் அடையாள எண்) எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, "இந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம், டாக்டரிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும்" என்று கேளுங்கள். அதில் அது கெட்டி. மருந்து தொடங்குவது, நிறுத்துவது பற்றிக் கேட்காதீர்கள். முக்கியமாக மூலிகை. மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லி என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. அதற்கு ஓர் ஆய்வுப் பின்னணியும் உண்டு. 1988-இல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் 59% பேரிடம் கீழாநெல்லி கொடுத்தபின் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது என்று லான்செட்டில் எழுதியது. பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். 1988-இன் கட்டுரையும், பின்னால் வந்த மறுப்பும், யாரோ எழுதிய வீட்டு வைத்தியக் குறிப்பும் ஒரே குவியலில் கிடக்கும் வலையைப் படித்து வளர்ந்த கருவி எதை எடுத்து நீட்டும் என்று உத்தரவாதம் இல்லை. ரத்த வாந்தி, கறுப்பாக மலம், திடீர்க் குழப்பம், வயிறு வீக்கம் இவற்றில் எது வந்தாலும் போனைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

இனி, டாக்டர்கள் பயன்படுத்துகிறார்களா என்ற கேள்வி. பயன்படுத்துகிறார்கள், ஆனால் செய்திகளில் வருகிற இடங்களில் அல்ல. சிடி ஸ்கேனில் கல்லீரலின் எல்லையை வரைந்து கொள்ளளவு கணக்கிடுவதெல்லாம் இன்று கிட்டத்தட்டத் தீர்ந்த பிரச்சினை. உயிரோடிருக்கும் கொடையாளியிடமிருந்து கல்லீரலின் ஒரு பகுதியை எடுக்கும்போது, மிச்சம் அவருக்குப் போதுமா என்று பார்க்க அந்தக் கணக்கு உதவும். கட்டியை வரைவது இன்னும் கொஞ்சம் தகராறு. மருந்துக் கண்டுபிடிப்பில் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ கணித்த புரத வடிவத்தை வைத்து, கல்லீரல் புற்றுநோயில் சிடிகே20 என்ற புரதத்தைத் தடுக்கும் மூலக்கூறை 30 நாளில், ஏழே சேர்மங்களைச் செய்துபார்த்துப் பிடித்ததாக 2023-இல் ஒரு கட்டுரை வந்தது. வேகம் நிஜம். ஆனால் அது முதல் படி. மருந்துக் கடைக்கு வர இன்னும் வெகுதூரம்.

எனக்கு உண்மையிலேயே முக்கியமாகப் படுவது பயாப்சி விவகாரம்.

கல்லீரல் நோயில் இறுதித் தீர்ப்பு பயாப்சி என்று பாடப் புத்தகம் சொல்லும். ஊசியில் வரும் அந்த நூல் போன்ற துண்டு மொத்தக் கல்லீரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கு. கொஞ்சம் தள்ளிக் குத்தியிருந்தால் வேறு முடிவு வந்திருக்கலாம். துண்டு ஒன்றாகவே இருந்தாலும், பார்க்கிற கண் மாறினால் முடிவும் மாறுகிறது. ஃபேட்டி லிவர் மருந்துச் சோதனை ஒன்றின் பயாப்சிகளை மூன்று கல்லீரல் நோய்க்குறியியல் நிபுணர்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. முழு உடன்பாட்டுக்கு 1, தற்செயலான உடன்பாட்டுக்கு 0 என்று அளக்கும் கப்பா கணக்கில், தழும்பின் கட்டத்தைச் சொல்வதில் 0.48, அழற்சியைச் சொல்வதில் 0.33. சோதனைக்குத் தகுதி என்று சேர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 46% பேரை, மூவரில் ஒருவராவது தகுதியில்லை என்று சொல்லியிருக்கிறார்.

இதன் விளைவு சாதாரணமானதல்ல. "தழும்பு ஒரு கட்டம் குறைந்ததா" என்பதுதான் இந்த மருந்துகளின் தேர்வுக் கேள்வி. அளவுகோலே ஆடினால் நல்ல மருந்தும் தோற்கும். ஏஐ இங்கே கைகொடுக்கிறது. பயாப்சிப் படங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் எய்ம்-நாஷ் என்ற ஏஐ கருவியை 2025 மார்ச்சில் ஐரோப்பிய மருந்துகள் முகமை மருந்துச் சோதனைகளுக்கு ஏற்றது என்று அங்கீகரித்தது. அந்த முகமை இப்படி ஏற்ற முதல் ஏஐ முறை இதுதான். ஒன்பது பெரிய சோதனைகளின் 5,000-க்கும் மேற்பட்ட பயாப்சிகளில் 59 நிபுணர்கள் போட்ட ஒரு லட்சத்துக்கும் அதிகமான குறிப்புகளை வைத்து அதைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். அது தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரு நிபுணர் கூடவே இருந்து சரிபார்க்கிறார்.

இது நிபுணரைவிட அறிவாளியா என்றால், இல்லை. அவர்களிடமிருந்தே கற்றது. அதன் பலம் ஒன்றுதான்: அதே ஸ்லைடை இன்று காட்டினாலும் ஆறு மாதம் கழித்துக் காட்டினாலும் அதே விடை. மதிய உணவுக்குப் பின் களைப்பு கிடையாது. மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று ஒப்பிடும் வேலைக்கு அந்த மாறாத்தன்மை போதும். 50,000-இல் ஒரு பங்கு என்ற பிரச்சினையை அதனாலும் தீர்க்க முடியாது.

அடுத்தது ஈசிஜி. கல்லீரலுக்கும் ஈசிஜிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சிரோசிஸ் வந்தால் இதயமும் மாறும், ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒரு துடிப்பின் மின் அலைகளுக்குள் அளக்கும் ஒரு நேரம்) நீளும். நம் கண்ணுக்குத் தட்டுப்படாத இப்படிப்பட்ட மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்து, யாருக்குச் சிரோசிஸ் இருக்கலாம் என்று சொல்லும் மாதிரியை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள மேயோ கிளினிக் மருத்துவமனை செய்தது. அதோடு நிற்காமல், குடும்ப மருத்துவர் குழுக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இந்த எச்சரிக்கையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2025-இல் முடிவு வந்தது: எச்சரிக்கை பெற்ற பக்கத்தில் முற்றிய கல்லீரல் நோய் இரண்டு மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. வேறு எதற்காகவோ எடுத்த ஈசிஜி என்பதால் தனியாக ஒரு பரிசோதனை தேவைப்படவில்லை. மௌனமான நோய்க்கு ஏற்ற உத்தி. ஏஐ பற்றிய ஆயிரம் கட்டுரைகள் பழைய தரவில் துல்லியம் காட்டிவிட்டு நின்றுவிடும். நடைமுறையில் விட்டு, குலுக்கல் முறையில் சோதித்தவை சொற்பம். அதனால்தான் இதை மதிக்கிறேன். ஆனால் மின்னசோட்டாவில் கற்ற மாதிரியை மதுரைக்குக் கொண்டுவருவதானால் இங்கே மறுபடி சோதித்தாக வேண்டும்.

கணக்கு எப்படித் தவறாகப் போகும் என்பதற்குப் பிரிட்டனைப் பாருங்கள். 2018 மார்ச் முதல் அங்கே மூளைச்சாவு அடைந்தவர்களின் கல்லீரல் யாருக்கு என்பதை 'டிரான்ஸ்பிளான்ட் பெனிஃபிட் ஸ்கோர்' என்ற கணக்கு வரிசைப்படுத்துகிறது. மாற்றினால் எவ்வளவு காலம் வாழ்வார், மாற்றாவிட்டால் எவ்வளவு காலம் வாழ்வார், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்கோர். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஐந்து ஆண்டுக்கு மேல் அது பார்ப்பதில்லை. 30 வயதுக்காரர் மாற்றுக் கல்லீரலோடு இன்னும் முப்பது ஆண்டு வாழக்கூடும், 65 வயதுக்காரர் பத்து ஆண்டு. கணக்கின் பார்வையில் இருவருக்கும் உச்சவரம்பு ஐந்துதான். மாற்றாவிட்டால் சீக்கிரம் இறக்கக்கூடியவர் வயதானவர் என்பதால் ஸ்கோர் அவர் பக்கம் சாய்கிறது. இளம் நோயாளிகள் காத்துக்கொண்டே இருப்பதை 2023-இல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. அதே ஆண்டு லான்செட்டில் வந்த கட்டுரை இன்னொன்றைக் காட்டியது: கல்லீரலில் புற்றுநோய் உள்ளவர், இல்லாதவரைவிட அதிக காலம் வாழ்வார் என்று சில இடங்களில் இந்தக் கணக்கு சொல்கிறது. எம்பிபிஎஸ் முதலாண்டு மாணவர்கூட இதைப் பார்த்துப் புருவம் உயர்த்துவார்.

இத்தனைக்கும் இது நியூரல் நெட்வொர்க் இல்லை, சாதாரணப் புள்ளியியல் மாதிரி. கணக்கில் பிழை தேடினால் கிடைக்காது, கேட்ட கேள்வியில்தான் பிழை. கல்லீரல் நோயின் தீவிரத்தைச் சொல்லும் அமெரிக்காவின் மெல்ட் ஸ்கோரிலும் இதே மாதிரிப் பிழை ஒன்று உண்டு. 2002 முதல் அங்கே கல்லீரல் ஒதுக்கீடு அதன்படிதான். அதில் கிரியாட்டினின், அதாவது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவின் ரத்த அளவு, ஓர் உறுப்பு. பெண்களுக்குத் தசை குறைவு என்பதால் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் கிரியாட்டினின் அவ்வளவாக ஏறாது, வரிசையில் பின்தங்குவார்கள். 2023-இல் வந்த மெல்ட் 3.0 இதைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இப்போது உங்கள் புராஜெக்ட். காகிள் என்ற தரவுத் தளத்தில் இருக்கும் 'இந்தியன் லிவர் பேஷன்ட்' தரவைத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், எல்லாரும் எடுப்பது அதைத்தான். ஆந்திரத்தின் வடகிழக்குப் பகுதியில் திரட்டியது, 583 பேர். 416 பேர் நோயாளிகள், 167 பேர் இல்லை. முதலில் ஒரு வகுத்தல் போடுங்கள்: கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் "நோய் உண்டு" என்று சொன்னாலே 71% துல்லியம். ராண்டம் ஃபாரஸ்ட் என்ற கற்றல் முறை 73% கொடுத்தது என்று ரிப்போர்ட் எழுதினால், அது கற்றது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 95% என்று யாராவது காட்டினால், டெஸ்ட் தரவைப் பிரிப்பதற்கு முன்பே எஸ்மோட் (குறைவாக உள்ள வகைக்குச் செயற்கையாகப் புதிய வரிகளை உருவாக்கும் முறை) போட்டார்களா என்று பாருங்கள். அப்படிச் செய்தால் வினாத்தாள் முன்கூட்டியே வெளியான மாதிரிதான். ஒரே வரி இரண்டு முறை வந்திருப்பதும் அந்தத் தரவில் உண்டு.

அடுத்து, 583-இல் பெண்கள் 142 பேர்தான். லண்டன் யூசிஎல் ஆய்வாளர்கள் 2022-இல் இதே தரவில் மாதிரிகளைக் கட்டி, ஆண் பெண் எனப் பிரித்துப் பார்த்தார்கள். பெண்களில் 44% நோயாளிகளை அவை தவறவிட்டன, ஆண்களில் 23%. ஒட்டுமொத்தத் துல்லியத்தில் இது தெரியவே தெரியாது.

எனக்கு இதைவிடப் பெரிய குறை, தரவில் விடை இருக்கும் காலம் (column). "கல்லீரல் நோயாளி, ஆம் / இல்லை" என்று மட்டும் இருக்கிறது. என்ன நோய், எந்தக் கட்டம், குடியாலா, கிருமியாலா, எதுவும் இல்லை. பிளேட்லெட்டும் இல்லை, ஆக ஃபிப்-4 கூடப் போட முடியாது. எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தாண்டியவரை "நோயாளி" என்று சொல்ல மாதிரி தேவையில்லை, லேப் டெக்னீஷியனே சொல்லிவிடுவார். எஸ்ஜிபிடி நார்மலாக இருந்து தழும்பு ஏறிக்கொண்டிருப்பவரைத்தான் பிடிக்க வேண்டும்.

இதை விட்டு காகிளின் 'சிரோசிஸ்' தரவுக்குத் தாவுபவர்களும் உண்டு. அது மேயோ கிளினிக்கில் 1974 முதல் 1984 வரை முதன்மை பித்தக்குழாய் அழற்சி நோயாளிகளிடம் எடுத்தது, மொத்தம் 418 பேர். அந்த நோய் பெரும்பாலும் பெண்களுக்கு வருவது. அதில் பயின்ற மாதிரியைக் கொண்டு நம் ஊர் மதுவால் வந்த சிரோசிஸைக் கணிக்கிறேன் என்று எழுதினால், வைவாவில் விவரம் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போச்சு.

நான் சொல்லும் வழி: அமெரிக்காவின் என்ஹேன்ஸ் உடல்நலக் கணக்கெடுப்பில் 2017 முதல் ஃபைப்ரோஸ்கேன் அளவும் இருக்கிறது. இலவசமாக இறக்கலாம். அதன் எக்ஸ்பிடி வகைக் கோப்புகளைப் பைத்தானின் பாண்டாஸ் நேரடியாகவே படித்துவிடும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் உண்டு. ஃபைப்ரோஸ்கேன் காட்டும் இறுக்கம் 8 கிலோபாஸ்கலுக்கு மேல் என்பதை விடையாக வைத்து ஒரு மாதிரியைக் கட்டுங்கள். பக்கத்திலேயே ஃபிப்-4-ஐ நிறுத்துங்கள். நான்கே எண்களைக் கொண்ட அந்தப் பழைய சூத்திரத்தை உங்கள் மாதிரி வெல்கிறதா, ஆண் பெண் தனித்தனியாகப் பார்த்தாலும் வெல்கிறதா, உடல் பருமன் இல்லாதவர்களிடமும் வெல்கிறதா என்று காட்டுங்கள். கடைசிக் கேள்வி நமக்கு முக்கியம், ஒல்லியாக இருந்தும் ஃபேட்டி லிவர் வருபவர்கள் இந்தியாவில் நிறைய. வெல்லவில்லை என்றாலும் பரவாயில்லை, அதையே முடிவாக எழுதுங்கள். கைடு ஒப்புக்கொள்ளாவிட்டால் ஃபிப்-4-இன் எண்ணையும் உங்கள் எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் அப்பாவின் ஃபைப்ரோஸ்கேனுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும், சாப்பிட்டுவிட்டுப் போனால் கல்லீரல் இருப்பதைவிட இறுக்கமாகக் காட்டும்.